கோலம் போடுகிற கைக்குக் கம்ப்யூட்டரும் வரும்



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்து நோட்டை மூடும் நேரம். ஆதிச்சநல்லூர் உறுப்பினர் ஒருவர் மெதுவாக ஒரு பேச்சை எடுத்தார். அவர் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"அறிவியல் புஸ்தகத்துல கடைசிப் பாடம் கம்ப்யூட்டர் பாடமாம். ஸ்க்ராட்ச்னு ஒண்ணு இருக்காம். கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா பையங்க கையில மவுஸ் போயிருது. எம்மவ பின்னால நின்னு பாத்துட்டு வந்துருதா. அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுப்பேன்னு சொல்லுதா. அவ அப்பா, 'தொட்டே பாக்கல, உனக்கு அது எப்படி வரும்?'னு கேக்காவ. நா என்னத்தச் சொல்ல? எனக்கு அதப்பத்தி என்ன தெரியும்?"

கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அது நமக்கு உறுத்தலாக இருந்தது. வங்கி மேலாளரிடம் பேசத் தெரிகிறது, கணக்கு எழுதத் தெரிகிறது. பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டால் மட்டும் "எனக்கென்ன தெரியும்" என்கிறோம். சரி, தெரிந்துகொள்வோம் என்று இறங்கினோம். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஸ்க்ராட்ச் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்குத் தானாக எதுவும் தெரியாது. நாம் சொன்னதைச் சொன்னபடி செய்யும், அவ்வளவுதான். அப்படிச் சொல்லும் கட்டளைகளின் வரிசைக்குப் பெயர் நிரல். ஆங்கிலத்தில் புரோகிராம் என்கிறார்கள். நிரல் எழுதுவதற்குக் கோடிங் என்று பெயர்.

வழக்கமாகக் கோடிங் என்றால் ஆங்கில எழுத்தும் குறியும் வரி வரியாக அடிக்க வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓடாது. பிள்ளைகளுக்கு அது சிரமம் என்று, அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 2007-ல் ஸ்க்ராட்ச் மொழியை வெளியிட்டார்கள். இதில் கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். 'முன்னே போ' ஒரு கட்டை, 'திரும்பு' ஒரு கட்டை, 'திரும்பச் செய்' ஒரு கட்டை. மவுஸால் இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாகப் பொருத்தினால் நிரல் தயார். திரையில் ஒரு மேடை இருக்கும். அந்த மேடையில் முதலில் ஒரு பூனை நிற்கும். நாம் அடுக்கிய கட்டைகளின்படி பூனை நடக்கும், பேசும், கோடு போடும்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் ஓர் ஆமைக்குக் கட்டளை சொன்னால், அது நகர்ந்து நகர்ந்து கோடு போடும்.

ஸ்க்ராட்ச் முழுக்க இலவசம். ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். ஆகவே சகோதரிகளே, மென்பொருளுக்கே இவ்வளவு ரூபாய் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நமக்குத் தெரிந்த கணக்குத்தான்

வாசலில் நாம் கோலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். ஐந்து புள்ளி, ஐந்து வரிசை நேர்ப்புள்ளிக் கோலம். மகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்போம்? "ஒரு புள்ளி வை, தள்ளி ஒரு புள்ளி வை, அப்புறம் ஒரு புள்ளி வை" என்று இருபத்தைந்து தடவையா சொல்வோம்? "ஒரு வரிசைக்கு அஞ்சு. அதே மாதிரி அஞ்சு வரிசை" என்போம். முடிந்தது.

ஸ்க்ராட்சிலும் அதேதான். '5 முறை திரும்பச் செய்' என்ற கட்டைக்குள் புள்ளி வைக்கும் கட்டளையும் தள்ளிப் போகும் கட்டளையும். இதை மொத்தமாக இன்னொரு '5 முறை திரும்பச் செய்' கட்டைக்குள் வைத்து, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குப் போகச் சொன்னால் 25 புள்ளியும் வந்துவிடும். பெரிய பெரிய நிரல்களிலும் இந்தத் 'திரும்பச் செய்' முறை இருக்கிறது. நாம் அதை மாவிலும் சுண்ணாம்புப் பொடியிலும் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு கட்டம் போட வேண்டுமா? நிரல் இப்படி:

பேனாவைக் கீழே வை.
4 முறை திரும்பச் செய்:
100 எட்டு முன்னே போ;
90 டிகிரி வலப்பக்கம் திரும்பு.

நின்ற இடத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 360 டிகிரி. அதில் கால் சுற்று 90. நாலு மூலையில் நாலு கால் சுற்று. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம், கட்டமும் மூடிவிடும்.

இது நாம் பெருமைக்குச் சொல்வதில்லை. சென்னை தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பொருளே கோலம்தான். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம் பெரிய கோலமாக எப்படி வளர்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் அறிவியலின் இலக்கணமாக எழுதினார்கள். அந்த மூவரில் இருவர் பெண்கள் என்பதையும் கவனியுங்கள். நம் பாட்டிமார் வாசலில் போட்டது உலக அறிவியல் இதழில் ஏறியது.

நாங்கள் நடத்திய நட்புப் போட்டி

தெரிந்துகொண்டால் போதுமா? தொட்டுப் பார்க்க வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குழுக் கூட்டம் நடக்கும் கட்டடத்திலேயே சின்னதாக ஒரு போட்டி வைத்தோம். இரண்டு லேப்டாப் கிடைத்தது. ஒன்று, உறுப்பினர் ஒருவரின் மூத்த மகளுக்குப் படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப். அந்தப் பெண்தான் ஸ்க்ராட்சை ஏற்றிக் கொடுத்து, அடிப்படையையும் சொல்லித் தந்தாள்.

நான்கு அணி. ஒவ்வோர் அணியிலும் இரண்டு பிள்ளைகள், ஓர் அம்மா. பரிசு கிடையாது, சுண்டலும் டீயும் மட்டும். எல்லா அணிக்கும் ஒரே கேள்வி: ஐந்து முனை நட்சத்திரக் கோலம் போட வேண்டும், குறைந்த கட்டைகளில்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக வைத்தோம். மவுஸ் யார் கையிலும் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஒருவர் மவுஸ் பிடிக்க, ஒருவர் என்ன செய்வது என்று சொல்ல, ஒருவர் காகிதத்தில் சரிபார்க்க வேண்டும். மணி அடித்ததும் இடம் மாற வேண்டும். நம் குழுவில் ஊக்குநரும் பிரதிநிதியும் முறை வைத்து மாறுவதில்லையா? அதே சட்டம்தான். பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு சரியாகிவிட்டது.

லேப்டாப் கிடைக்காத அணிகள் சும்மா இருக்கவில்லை. வராண்டாவில் சாக்கட்டியால் கோடு போட்டு, ஓர் அம்மாவே பூனையாக நடந்தார். மகள் சொல்லச் சொல்ல முன்னே போனார், திரும்பினார். "எவ்வளவுட்டி திரும்பணும்? சரியாச் சொல்லு!" என்று அவர் நடுவழியில் நின்றபோதுதான் பிள்ளைக்கே தெரிந்தது, அளவு சொல்லாத கட்டளை கட்டளையே ஆகாது என்று.

தப்பில் வந்த கோலம்

முதலில் பேச்சை எடுத்த உறுப்பினரும் அவர் மகளும் இருந்த அணி, திரும்பும் அளவை 140 டிகிரி என்று குத்துமதிப்பாகப் போட்டது. ஓட்டினார்கள். ஐந்து கோடு வந்தது. ஆனால் முனை சேரவில்லை. கடைசிக் கோடு எங்கேயோ போய் நின்றது. அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "அழிச்சிரவாம்மா?" என்றாள்.

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "அழிக்காத. சிக்குக் கோலம் போடையில பாதியில பாத்தா இப்படித்தான் இருக்கும். சுத்திச் சுத்தி வந்துதான சேரும். இன்னும் கொஞ்சம் சுத்த விடு" என்றார்.

'5 முறை' என்பதை 10 ஆக்கினார்கள். சேரவில்லை. 15 ஆக்கினார்கள். சேரவில்லை. 18 ஆக்கியதும் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டது! பதினெட்டு முனை உள்ள பெரிய நட்சத்திரம். மற்ற அணிகள் எழுந்து வந்து பார்த்தன.

ஏன் சேர்ந்தது? அந்தப் பிள்ளை குழு நோட்டின் பின் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினாள். 140-ஐ 18-ஆல் பெருக்கினால் 2520. அது சரியாக ஏழு முழுச் சுற்று. முழுச் சுற்றாக முடிந்தால் கோலம் மூடும். அப்படியானால் ஐந்து முனைக்கு? ஐந்து திருப்பத்தில் இரண்டு முழுச் சுற்று, அதாவது 720 டிகிரி வர வேண்டும். 720-ஐ ஐந்தால் வகுத்தால் 144. இன்னோர் அணி போட்டுப் போட்டுப் பார்த்து அதே 144-க்கு வந்திருந்தது. இவள் கணக்கில் கண்டுபிடித்தாள். இரண்டு வழியும் சரிதான்.

போட்டி முடியும்போது அவள் அப்பா கூட்டிப்போக வந்தார். வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்தார். "இத நீயா போட்ட?" என்றார். "நானும் அம்மாவும்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எந்தக் குரூப் என்ற முடிவு அந்த வீட்டில் இன்னும் ஆகவில்லை. ஆனால் "உனக்கு அது எப்படி வரும்?" என்ற கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை என்று அந்த உறுப்பினர் சொன்னார்.

உங்கள் குழுவில் நடத்த

* ஒரு லேப்டாப் போதும். அணி அணியாக முறை வைத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரை இதற்குச் சிறியது.
* பள்ளியின் கம்ப்யூட்டர் ஆசிரியரிடமோ, ஊரில் கல்லூரியில் படிக்கும் பெண்ணிடமோ ஒரு மணி நேரம் கேளுங்கள்.
* எல்லோருக்கும் ஒரே கேள்வி கொடுங்கள். முடித்ததும் ஒவ்வோர் அணியும் தன் நிரலைத் திறந்து விளக்க வேண்டும். யார் முதல் என்பதைவிட, எத்தனை வழி என்பதுதான் முக்கியம்.
* அடுத்தவர் நிரலைப் பார்த்து மாற்றிச் செய்வது குற்றமில்லை. பக்கத்து வீட்டுக் கோலத்தை நாம் நோட்டில் எழுதிக்கொள்வதில்லையா? யாருடையது என்று பெயர் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.
* தப்பு வந்தால் திட்டக்கூடாது. ஏன் வந்தது என்று தேடுவதுதான் பாதிப் படிப்பு.
* இன்டர்நெட்டில் போட்டால் பிள்ளையின் முழுப் பெயர், படம், தொலைபேசி எண், பள்ளி, ஊர் எதையும் போட வேண்டாம்.
* மவுஸ் முறை மாறுகிறதா என்று ஒரு அம்மா கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிப் படித்து என்ன ஆகும் என்று கேட்கலாம். மும்பை தாராவியில் குடிசைப் பகுதிச் சிறுமிகள், இதே போலக் கட்டைகளை அடுக்கும் 'ஆப் இன்வென்டர்' என்ற கருவியைக் கற்று, கைபேசிச் செயலிகள் செய்தார்கள். தண்ணீர்க் குழாயில் காத்துக் கிடக்காமல், முறை வரும்போது தெரிந்துகொள்ள ஒன்று. பெண்கள் ஆபத்தில் உதவி கேட்க ஒன்று. குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குத்தானே அந்த யோசனை வரும்?

அடுத்த போட்டி

நம் ஆதிச்சநல்லூர் பரம்பில் 2004-05-ல் நடந்த அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில், ஒரு பெண், நெற்பயிர், கொக்கு, மான், முதலை எல்லாம் மண்ணாலேயே ஒட்டுருவமாகச் செய்திருந்தது. மண்ணில் செய்தவர் அந்தக் காட்சியை அசையாமல் நிறுத்திவிட்டார். அடுத்த போட்டியில் நம் பிள்ளைகள் அதை ஸ்க்ராட்ச் மேடையில் அசைய வைக்க வேண்டும். கொக்கு பறக்கட்டும், மான் ஓடட்டும், முதலை வாய் திறக்கட்டும். அந்தப் பெண் என்ன செய்வாள், என்ன பேசுவாள் என்பதை ஒவ்வோர் அணியும் தானே முடிவு செய்யட்டும்.

அம்மாமாரும் வர வேண்டும். "எனக்கென்ன தெரியும்" என்று யாரும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். கோல நோட்டு இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.