கிள்ளான் கழிமுகமும் கடல் ஓதமும்

கழிமுகம் என்றதும் தமிழாசிரியர் உள்ளத்தில் தோன்றுவது காவிரியே. முக்கொம்பில் கொள்ளிடமும் கல்லணையில் வெண்ணாறும் பிரிய, விசிறிபோல் விரியும் தஞ்சைச் சமவெளியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவது நம் வழக்கம். நைல் ஆற்று முகநிலம் கிரேக்க எழுத்தை ஒத்திருந்தமையால் எழுந்த ‘டெல்டா’ என்னும் பெயரும் முக்கோணத்தையே சுட்டும். ஆயினும் கழிமுகங்கள் அனைத்தும் முக்கோணம் அல்ல. அதற்குச் சான்று நம் சிலாங்கூர்க் கரையிலேயே உள்ளது.

தித்திவங்சா மலைத்தொடரில் தோன்றும் கிள்ளான் ஆறு, கோலாலம்பூரில் கோம்பாக் ஆற்றைக் கூட்டிக்கொண்டு, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி மலாக்கா நீரிணையை அடைகிறது. அதன் தெற்கே லங்காட் ஆறு கடலில் கலக்கிறது. இவற்றின் முகத்தில் கேரித் தீவு, இண்டா தீவு, கிள்ளான் தீவு, நண்டுத் தீவு எனப் பொருள்படும் பூலாவ் கெத்தாம் ஆகிய தாழ்ந்த சேற்றுத் தீவுகள் கிடக்கின்றன.

இவ்வடிவுக்குக் காரணம் யாது? கடலின் ஏற்றவற்றமாகிய ஓதமே. நாகப்பட்டினத்தில் ஓதத்தின் உயரம் 1 மீட்டருக்கும் குறைவு. அங்கே அலைகள் மணலைக் கரையோரம் ஒதுக்கி மேடாக்குகின்றன. இங்கோ சுமத்திரா அரணாக நிற்பதால் பேரலை இல்லை. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கிள்ளான் துறைமுகத்தில் ஓதம் 4 மீட்டரையும் கடக்கும். நாள்தோறும் இருமுறை புகுந்து மீளும் அந்நீர் கால்வாய்களை அகழ்ந்து, ஆற்றுமுகத்தை அகலமாக்குகிறது. இடையே படியும் சேற்றைக் கண்டல் மரங்களின் வேர்கள் பற்றிக்கொள்கின்றன. பாசனத்திற்குப் பகிர்ந்தளித்த காவிரி பூம்புகாரில் மெலிந்து கடல் சேர்கிறது. கிள்ளான் ஆறோ கடலருகே பரந்து நிற்கிறது.

இது வெறும் ஏட்டறிவன்று. கேரித் தீவின் செம்பனைத் தோட்டங்களைக் காப்பவை கரையணையும் மதகுமே. நீர் வற்றும்போது மதகைத் திறந்து வடிப்பர், ஏறும்போது மூடுவர். மூடியிருக்கும் வேளையில் கனமழை பெய்யின் வெள்ளம் போக வழியில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோதும் பெருமழையோடு கடலேற்றம் சேர்ந்துகொண்டது. கண்டற்காடுகளை அழித்தால் கரையணையை அலையும் ஓதமும் நேரே தாக்கும்.

ஆகவே காவிரிப் படத்தின் அருகே கிள்ளான் படத்தையும் ஆசிரியர்கள் வரைதல் நன்று. இரண்டிலும் ஓதத்தின் அளவைக் குறித்துக் காட்டினால், தோட்டத்து மதகை எப்போது, ஏன் மூடுகிறார்கள் என்பதை மாணவர் தாமே சொல்லிவிடுவர்.