இறந்த பாடகரின் கணக்குப் புத்தகம்: எல்விஸ் மறுவெளியீடுகளும் ரசிகர் வழக்கும்

2005 ஜனவரியில் இங்கிலாந்தின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில், செத்து இருபத்தேழு ஆண்டுகள் கடந்துவிட்ட ஒரு பாடகர் முதலிடத்துக்கு வந்தார். உயிரோடிருந்தால் அந்த மாதம் 8ஆம் தேதி எல்விஸ் பிரெஸ்லிக்கு எழுபது வயது. அதை முன்னிட்டு, அந்நாட்டில் முன்பு முதலிடம் பெற்ற அவருடைய பதினெட்டு தனித்தட்டுகளையும் வாரத்துக்கொன்றாக, எண்ணிக்கையை வரையறுத்து, சோனி பிஎம்ஜி கம்பெனி மறுபடி வெளியிட்டது. 'ஜெயில்ஹவுஸ் ராக்' முதலிடம். அடுத்த வாரம் 'ஒன் நைட்' முதலிடம். பிரிட்டிஷ் பட்டியலின் ஆயிரமாவது முதலிடம் அதுதான் என்று பத்திரிகைகள் எழுதின. பிப்ரவரியில் 'இட்ஸ் நவ் ஆர் நெவர்'. வரிசையில் முதலாவதாக வந்த 'ஆல் ஷூக் அப்' மட்டும் பட்டியலுக்குள் நுழையவேயில்லை. பதினெட்டையும் அடுக்கி வைக்க ஒரு காலிப் பெட்டியோடு சேர்த்து அதை விற்றார்கள்; பெட்டியோடு விற்றதைச் சேர்க்க விதியில் இடமில்லை.

இந்த வெற்றியைவிட அதைப் பற்றி எல்விஸ் ரசிகர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை முக்கியமானது. ராஜா ராஜாதான், செத்தும் ஜெயிக்கிறார் என்பது ஒரு கட்சி. இன்னொரு கட்சி கணக்குப் பார்க்கிறவர்களுடையது: கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரி, கடையில் ஈயாடுகிற மாதம், தனித்தட்டு விற்பனையே படுத்துக்கிடந்த நேரம், சில பத்தாயிரம் பிரதிகள் போனாலே முதலிடம், 1958இல் கிடைத்த முதலிடமும் இதுவும் ஒன்றா? மூன்றாவது கட்சிக்காரர்கள் கொஞ்சம் கசந்துபோனவர்கள். வாங்கினவன் யாரு, ஏற்கெனவே இதே பாட்டை நாலு தடவை வாங்கினவன்தானே. புதுசா ஒரு காது கிடைச்சுதா. விளம்பரத்துக்குச் செலவு பண்ணாம ரசிகனோட மணிபர்சை நம்பியே கம்பெனி பிழைக்குது என்பது அவர்கள் வாதம்.

இந்த மாதிரி வாக்குவாதங்களை 'ரசிகப் பித்து' என்று ஒதுக்கித் தள்ளுவது நம்மிடையே சுலபமான காரியம். அதற்குக் கோட்பாட்டு ஆதரவும் இருக்கிறது. 1938இல் அடார்னோ இசையின் பண்டமாயை குறித்து எழுதிய கட்டுரையில், கச்சேரிக்குப் போகிறவன் இசையை அல்ல, டிக்கெட்டுக்குத் தான் கொடுத்த பணத்தையே வழிபடுகிறான் என்ற பொருள்பட வாதிடுகிறார். அதைப் பிடித்துக்கொண்டு விற்பனை எண்ணை வழிபடும் ரசிகனை ஒரே வீச்சில் முடித்துவிடலாம். ஆனால் மேலே சொன்ன மூன்று கட்சியில் இரண்டு, எண்ணை வழிபடவில்லை, எண்ணைச் சந்தேகிக்கிறது. எந்த விதிப்படி, எந்த மாதத்தில், யார் செலவில் அந்த எண் உண்டாயிற்று என்று கேட்கிறது. பண்டமாயையைக் கழற்றிப் பார்க்கிற வேலையின் பாதியை, கோட்பாடு எதுவும் படிக்காமலேயே இவர்கள் செய்துவிடுகிறார்கள். மீதிப் பாதி ஏன் செய்யப்படாமலே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் எண்ணின் உற்பத்தி. தங்கத்தட்டு, பிளாட்டினத்தட்டு என்ற சான்றுகளை அமெரிக்காவில் வழங்குவது ஒலிப்பதிவுக் கம்பெனிகளின் சங்கம், ஆர்.ஐ.ஏ.ஏ. தங்கம் 1958இல் வந்தது, பிளாட்டினம் 1976இல். எல்விஸ் நாட்டையே உலுக்கிய 1956இல் இந்த அளவுகோலே கிடையாது. அதைவிட முக்கியம், சான்று தானாக வருவதில்லை. கம்பெனி விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், தணிக்கைக்குக் கணக்கைக் காட்ட வேண்டும். எண்ணப்படுவதும் கடைக்காரன் கல்லாவில் விழுந்தது அல்ல, கம்பெனி அனுப்பிவைத்ததில் திரும்பி வந்ததைக் கழித்த மிச்சம். 1992 ஆகஸ்டில் எல்விஸுக்கு ஒரேயடியாக 110 தங்க, பிளாட்டினச் சான்றுகள் வழங்கப்பட்டன. ஆகஸ்டுக்கு முந்தைய மாதமும் அதே தட்டுகள்தான், அதே விற்பனைதான். மாறியது, கம்பெனி கணக்கைத் தூசிதட்டிக் காட்ட முடிவு செய்தது மட்டுமே. உலகம் முழுக்க நூறு கோடித் தட்டு விற்றார் என்று சொல்லப்படுகிறதே, அது எந்தத் தணிக்கையிலும் தேறிய எண் அல்ல, விளம்பரத்தின் எண்.

பட்டியல்களும் இப்படித்தான். 1991 மே மாதம் அமெரிக்க 'பில்போர்ட்' இதழ், கடைக்காரர்களிடம் விசாரித்து எழுதுவதை விட்டு, கல்லாவில் பதிவாகும் விற்பனையை எண்ணத் தொடங்கியது. ஆனால் பழைய ஆல்பங்களுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். முதன்மைப் பட்டியலான 200இல் அவற்றுக்கு இடமில்லை. 2009 ஜூனில் மைக்கேல் ஜாக்சன் இறந்தபோது அவருடைய பழைய ஆல்பங்கள் முதன்மைப் பட்டியலின் முதலிடத்தையே விற்பனையில் தாண்டின. இருந்தும் உள்ளே விடவில்லை. அந்த அசிங்கத்துக்குப் பிறகே அவ்வாண்டு டிசம்பரில் விதி தளர்ந்தது. பதினெட்டு ஆண்டுகள் எல்விஸ் ரசிகர்கள் 'நம்ம ஆளு பட்டியல்லயே இல்லையே' என்று வருந்தியதில் பெரும்பகுதி, யாரோ ஒரு மேஜையில் போட்ட கோட்டால் வந்த வருத்தம்.

இந்தக் கோட்டைத் தாண்டும் தந்திரம் கம்பெனிக்குத் தெரியும்: பழசைப் புதிய பெயரில் கட்டிக் கொடுத்தால் அது புது ஆல்பம். 2000இல் பீட்டில்ஸின் '1' என்ற தொகுப்பு உலகெங்கும் விற்றுத் தீர்ந்தது. 2002இல், எல்விஸ் இறந்த இருபத்தைந்தாம் ஆண்டில், அதே வாய்ப்பாட்டில் முப்பது முதலிடப் பாடல்கள் கொண்ட தொகுப்பு வந்தது. தலைப்பில் எல்விஸ் என்ற பெயரின் 'ஐ' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்ற எண். வேறெவரும் எதையும் செய்யும் முன் எல்விஸ் எல்லாவற்றையும் செய்துமுடித்துவிட்டார் என்ற தொனியில் விளம்பரம். கூடவே, 1968இல் ஒரு சாதாரணப் படத்தில் வந்து அமெரிக்காவில் 69ஆம் இடத்தோடு நின்றுபோன 'எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்' பாட்டை டச்சுக்காரர் ஒருவர் ஆட்டத்தாளத்தில் மாற்றிக் கட்டியிருந்தார். நைக்கி கம்பெனி அதை உலகக் கோப்பைக் கால்பந்து விளம்பரத்துக்கு எடுத்தது. பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் போனது. அந்தச் சூட்டோடு செப்டம்பரில் தொகுப்பு வெளிவந்து, முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் பிரதிகள் விற்று, நேராக முதலிடத்தில் நுழைந்தது. வாழ்ந்த காலத்தில் அவருடைய எந்த ஆல்பமும் அப்படி நேராக முதலிடத்தில் நுழைந்ததில்லை.

விளம்பரம் போதவில்லை என்று புலம்பிய கட்சிக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் சண்டை ஓயவில்லை, இடம் மாறியது. 'பர்னிங் லவ்' பில்போர்டில் இரண்டாம் இடம், 'இன் த கெட்டோ' மூன்றாம் இடம்; முதலிடத் தொகுப்பில் இவற்றுக்கு என்ன வேலை? வேறொரு பத்திரிகையின் பட்டியலைக் காட்டிக் கம்பெனி சமாளிக்கலாம். தாளம் மாற்றிக் கட்டியது எல்விஸா, நைக்கியா? 2015இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவைப் பழைய குரலுக்கடியில் வாசிக்க வைத்து ஒரு ஆல்பம் வந்து, அதுவும் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தபோது இதே கேள்வி திரும்ப எழுந்தது. என் காதுக்கு அந்த வயலின்கள் சவத்துக்குப் போர்த்திய பட்டு மாதிரிதான் கேட்கின்றன. ரசிகர்களில் பலருக்கும் அப்படித்தான். ஆனாலும் வாங்கினார்கள். எண் குறைந்தால் அடுத்தது வராதே என்ற பயம்.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. எல்விஸின் பழைய சரக்கைக் கம்பெனி எப்படி நடத்தியது என்பது இவர்களுக்கு மனப்பாடம். 1972இல் 'பர்னிங் லவ்' சக்கைப்போடு போட்டபோது அதைச் சுற்றி ஒரு நல்ல ஆல்பம் செய்யாமல், காம்டன் என்ற மலிவுப் பெயரில், பழைய படப்பாடல்களை நிரப்பி விற்றார்கள். 1974இல் பாட்டே இல்லாத ஒரு தட்டு: மேடையில் அவர் பேசிய பேச்சுகளையும் சிரிப்புகளையும் ஒட்டுப்போட்டு 'ஆல்பம்' என்றார்கள். இதில் ஒரு முரண்: அவருடைய ஆல்பங்களில் பத்து மில்லியன் என்ற வைரச் சான்றை எட்டியது, 1957இன் கிறிஸ்துமஸ் ஆல்பத்தை 1970இல் கொஞ்சம் மாற்றிப் போட்ட அதே காம்டன் மலிவுப் பதிப்புதான். ரசிகனுக்கு அவமானமாகப் படுகிற தட்டுதான் ரசிகன் பெருமை பேசுகிற எண்ணைக் கொடுக்கிறது.

இனி, செய்யப்படாத மீதிப் பாதி. 'எல்விஸுக்காக வாங்குங்கள்' என்று ரசிகர் மன்றத்தில் ஒருவர் மற்றவரைத் தூண்டும்போது அந்தப் பணம் எங்கே போகிறது? 1973 மார்ச்சில், அதுவரை பதிவு செய்த அத்தனைக்குமான எதிர்கால உரிமைப்பங்கை 5.4 மில்லியன் டாலருக்கு எல்விஸ் ஆர்.சி.ஏ. கம்பெனிக்கே விற்றுவிட்டார். அதிலும் சரிபாதி அவருடைய மேலாளர் கர்னல் பார்க்கருக்கு. எல்விஸ் இறந்தபின் மெம்பிஸ் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் பார்க்கரின் நடத்தையைக் கடுமையாகச் சாடி அறிக்கை தந்தார்; ஆனால் விற்றது விற்றதுதான். 2002இன் முப்பது பாடல்களை எடுத்துக்கொண்டால், அந்த விற்பனைக்குப் பின் பதிவானது கடைசிப் பாட்டு 'வே டவுன்' ஒன்றே. மற்ற இருபத்தொன்பதுக்கும் பாடகர் என்ற முறையில் எல்விஸின் வாரிசுக்குச் சேரவேண்டிய பங்கு 1973லேயே கைமாறிப் போனது. ஆர்.சி.ஏ.யும் பிறகு ஜெர்மானிய பெர்டெல்ஸ்மானுக்கு, சோனி பிஎம்ஜிக்கு, கடைசியில் சோனிக்கு என்று கைமாறியது. ரசிகன் 'கம்பெனி நம்மை மதிக்கலையே' என்று கோபிக்கிற கம்பெனி ஒரு பெயர்ப்பலகை; பின்னாலிருக்கும் முதலாளி மாறிக்கொண்டேயிருந்தான்.

இன்னும் கீழே இறங்கினால் ஆர்தர் க்ரூடப் இருக்கிறார். எல்விஸின் முதல் தட்டு, 1954 ஜூலையில் சன் கம்பெனி போட்ட 'தட்ஸ் ஆல் ரைட்', இந்தக் கறுப்பினப் பாடகருடைய பாட்டு. மிசிசிப்பியில் பிறந்தவர். 1946இல் அவர் அதைப் பதிவு செய்தது, பின்னாளில் எல்விஸையே விலைக்கு வாங்கிய அதே ஆர்.சி.ஏ.வுக்கு. 1949இல் 45 சுற்றுத் தட்டு என்ற புதிய வடிவம் அறிமுகமானபோது கறுப்பினச் சந்தைக்கான வரிசையில் முதல் எண்ணாக அதே பாட்டை வண்ணத் தட்டில் ஆர்.சி.ஏ. மறுபதிப்பு செய்தது. ஆக, இந்தக் கதையின் முதல் மறுவெளியீடு க்ரூடப்புடையது. அதன் விற்பனைக்கு வாதாட எந்த ரசிகர் மன்றமும் இல்லை. உரிமைப்பங்கு கிடைக்காமல் கூலிவேலை செய்து பிழைத்தார். பணத்துக்காக நெடுங்காலம் போராடிப் பெறாமலேயே 1974இல் இறந்தார். எல்விஸின் வெற்றிக் கணக்கை ஒற்றை இலக்கம் வரை சரிபார்க்கும் ரசிகனின் நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கடன் ஏறுவதில்லை. ரசிகன் கெட்டவன் என்பதால் இல்லை. விற்பனைப் பட்டியல் என்ற வடிவத்தில் யார் வென்றார் என்பதற்குத்தான் கட்டம் இருக்கிறது, யாருக்குப் பாக்கி என்பதற்கு இல்லை. அந்த வடிவத்துக்குள் நின்று எவ்வளவு கூர்மையாகச் சண்டை போட்டாலும் கேள்வி 'போதுமா, போதாதா' என்பதோடு முடிந்துபோகிறது.

வேறு மாதிரிக் கேட்டவர்களும் ரசிகர்களுக்குள்ளேயே இருந்தார்கள். 2000 வரை நாற்பது ஆண்டுகாலம் இங்கிலாந்தில் வந்த 'எல்விஸ் மன்த்லி' இதழ், அறுபதுகளின் படப்பாடல்களை வெளிப்படையாகவே கண்டித்தது. டென்மார்க்கின் எர்ன்ஸ்ட் யோர்கன்சன், ரசிகராகத் தொடங்கிப் பதிவு விவரங்களைத் தேடித் தொகுத்தவர்; 1992இல் ஐம்பதுகளின் பதிவுகளை ஒழுங்குபடுத்தி வந்த தொகுப்பில் ரோஜர் செமனோடு அவர் பங்கு பெரிது. 1999இல் இதே ஆட்கள் 'ஃபாலோ தட் டிரீம்' என்ற சேகரிப்பாளர் வரிசையைத் தொடங்கினர். தபாலில் வாங்க வேண்டும், பட்டியலில் ஏறாது, விளம்பரம் இல்லை. ஒரு பாட்டின் எட்டாவது முயற்சி எப்படி இருந்தது, எந்த இடத்தில் தாளம் தப்பியது, யார் சிரித்தார் என்பதெல்லாம் இந்தத் தட்டுகளில்தான் கேட்கக் கிடைக்கும். 'இதெல்லாம் நாலு பேருக்கு, ராஜாவோட பேர் வளர இதனால என்ன லாபம்' என்ற எண்ணிக்கைக் கட்சியின் குறை இங்கேயும் உண்டு. லாபம் இல்லாததால்தான் இது கேட்கும்படி இருக்கிறது என்பேன்.

கடைசியாக ஒரு சட்ட விவகாரம், ஏனென்றால் மறுவெளியீடுகளில் பல ரசிகனுக்காகவும் இல்லை, விற்பனைக்காகவும் இல்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. 2005 பிறந்ததும் எல்விஸின் முதல் சன் பதிவு எவரும் போடக்கூடியதாகிவிட்டது. 2011இல் காலத்தை எழுபதாக நீட்டினார்கள். ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. உடனே 2012 டிசம்பரில் சோனி, பாப் டிலனின் வெளிவராத பழைய பதிவுகளை ஐரோப்பாவில் ஏறக்குறைய நூறே பிரதிகள் வெளியிட்டது. தலைப்பிலேயே 'பதிப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு' என்று எழுதியிருந்தது. எல்விஸின் ஐம்பதுகளுக்கு அந்தக் கதவு பிந்திவிட்டது. அவருடைய 1962 வரையிலான வெளியீடுகளை இன்று ஐரோப்பாவில் எந்தச் சின்னக் கம்பெனியும் அச்சடிக்கலாம், அச்சடிக்கிறார்கள். அந்த விற்பனை சோனியின் சான்றுக் கணக்கில் சேராது. ஆனால் அவர்கள் அச்சடிப்பது பழைய தட்டிலிருந்தோ, குறுந்தகட்டிலிருந்தோ எடுத்த நகலை. மூல நாடா இன்னும் சோனியின் கிடங்கில் இருக்கிறது.