பெரிய நாசில் போட்டால் லாரி இழுக்குமா?

ஐயங்கார்குளத்தில் எங்கள் சித்தப்பாவிடம் ஒரு டிப்பர் இருக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் குவாரிகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் பக்கம் இறக்குகிற வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பிஎஸ்-3, ஆறு சிலிண்டர், டர்போ உண்டு. தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். "குவாரிப் பள்ளத்துல இருந்து மேல ஏறவே மாட்டேங்குதுடா. செகண்ட் கியர்ல ஏறின வண்டி, இப்ப ஃபர்ஸ்ட் போட்டாலே முனகுது. ஆறு இன்ஜெக்டருக்கும் பெரிய ஓட்டை நாசில் போட்டா பவர் ஏறும்ங்கிறாங்க. போடலாமா? நீ இதைத்தானே படிச்ச?"

படித்தது இயந்திரப் பொறியியல்தான். ஆனாலும் உடனே பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாரம் குறிப்பெடுத்துவிட்டு, காஞ்சிபுரத்தில் ஒரு பம்ப் கடையில் அரை நாள் உட்கார்ந்துவிட்டுத்தான் சொன்னேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

ஒரு சொட்டு டீசல்

முதலில் அளவைப் பார்ப்போம். ஆறு சிலிண்டர் எஞ்சின் 2000 ஆர்.பி.எம்.மில் முழு இழுவையில் மணிக்கு 25 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 1000 தடவை வெடிக்கும். வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்குச் சுமார் 70 கன மில்லிமீட்டர். ஒரு பெரிய தண்ணீர்ச் சொட்டு, அவ்வளவுதான். இந்தச் சொட்டை ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், முடி கனத்தைவிடக் கொஞ்சமே பெரிய ஐந்தாறு ஓட்டைகள் வழியாக, பனிமூட்டம் மாதிரி தெளிக்க வேண்டும். இன்ஜெக்டரின் வேலை இதுதான்.

ஓட்டை 0.20 மி.மீ. இருப்பதை 0.22 ஆக்கினால் என்ன ஆகும்? விட்டம் 10 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடுகிறது. "அப்போ 21 சதவீதம் டீசல் கூட போகும், பவரும் ஏறும்" என்று தோன்றும். சறுக்குவது இந்த இடத்தில்தான்.

டீசலை அளப்பது யார்?

இன்ஜெக்டர் மாற்றும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பதில் வண்டிக்கு வண்டி மாறும்.

பழைய வண்டிகளில் எஞ்சின் பக்கவாட்டில் வரிசை பம்ப் இருக்கும். ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த வகை. இங்கே 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ மூலம் பரவியது. 2008இல் கம்பெனி பெயர் பாஷ் என்று மாறியும் நம்மூர் பம்ப் கடைகளில் இன்னும் 'மைக்கோ பம்ப்'தான். இதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர். எவ்வளவு டீசல் என்பதை பிளஞ்சரும் ரேக்கும் முடிவு செய்துவிடும். நாசில், வந்ததைத் தெளிக்கிற வேலையை மட்டும்தான் செய்கிறது. அங்கே ஓட்டையைப் பெரிதாக்கினால் ஏறக்குறைய அதே 70 கன மி.மீ.தான் போகும். சீக்கிரம் போய் முடியும், ஆனால் தெளிக்கிற அழுத்தம் குறையும், துளிகள் பெரிதாகும். பெரிய துளி முழுசாக எரியாது. காசு கொடுத்துக் கரும்புகை வாங்கின கதைதான்.

காமன் ரெயில் வண்டிகளில் கதை வேறு. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 நாடு முழுக்க வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. அதில் பம்ப் அழுத்தத்தை மட்டும் கொடுக்கும். 1600 பார், 2000 பார் என்று போகும். எத்தனை நேரம் இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும். அங்கே அளப்பவர் இன்ஜெக்டர்தான். பெரிய ஓட்டை போட்டால் நிஜமாகவே கூட டீசல் போகும், ஆனால் அது கம்ப்யூட்டர் கணக்கில் வராது. அதனால்தான் பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீட்டு எண் பொறித்திருப்பார்கள். அந்த இன்ஜெக்டர் சராசரியிலிருந்து எவ்வளவு விலகித் தெளிக்கிறது என்கிற தகவல் அதில் இருக்கிறது. புது இன்ஜெக்டர் போட்டதும் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

சித்தப்பா வண்டி முதல் வகை.

காற்று இருக்கிறதா?

இது இரண்டாவது கேள்வி. ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். ஒரு கிலோ டீசல் எரிய 14.5 கிலோ காற்று வேண்டும். அப்படியென்றால் ஒரு லிட்டருக்கு 12 கிலோ காற்று, கிட்டத்தட்ட 10,000 லிட்டர். புகையில்லாமல் எரிய இன்னும் கால் பங்காவது கூட வேண்டும். அதுவும் வெயில் 40 டிகிரி அடிக்கும்போது, 25 டிகிரி நாளைவிடக் காற்றின் அடர்த்தி சுமார் 5 சதவீதம் குறைவு.

காற்று போதாமல் டீசலை மட்டும் கூட்டினால் எரியாதது கரியாக வெளியே வரும். எக்ஸாஸ்ட் சூடு ஏறும். டர்போவும் பிஸ்டன் தலையும் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்கிற கலவை அதற்கு முன்பே இளகிவிடும். மிச்சம் டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலையும் நீர்க்க வைக்கும்.

நாசில் எண்ணைப் படிப்பது

மாற்றியே ஆக வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? பாஷ் வகை நாசில் மேல் 'டிஎல்எல்ஏ 150 பி' என்று தொடங்கி ஓர் எண் இருக்கும். டிஎல்எல்ஏ என்றால் நீளமான, ஓட்டை வகை நாசில். 150 என்பது தெளிக்கும் கோணம். பி அல்லது எஸ் என்பது உடம்பின் அளவு, பி ஒல்லி. கடைசியில் வருவது மாடல் எண். கோணம் முக்கியம். பிஸ்டன் தலையில் இருக்கிற குழிக்கு ஏற்றபடிதான் அதைத் தேர்ந்திருப்பார்கள். 150க்குப் பதில் 160 போட்டால், பொருந்தும், வண்டியும் ஓடும், ஆனால் டீசல் குழிக்குள் விழாமல் விளிம்பில் அடிக்கும்.

அடியில் போடுகிற செம்பு வாஷரும் அப்படித்தான். பழையதன் மேல் இன்னொன்றை வைத்தால் நாசில் முனை மேலே ஏறிவிடும், தெளிப்பு இடம் மாறிவிடும்.

பம்ப் கடையில் என்ன தெரிந்தது

ஆறு இன்ஜெக்டரையும் கழற்றிக் கை டெஸ்டரில் போட்டார்கள். அந்த எஞ்சினுக்குத் திறப்பு அழுத்தம் 240 பார். நான்கு அதை ஒட்டி இருந்தன. ஒன்று 205இலேயே திறந்தது. இன்னொன்று 195, அதோடு முனையில் சொட்டிக்கொண்டும் இருந்தது. "சுருள் தளர்ந்துபோச்சு. நல்ல நாசில்னா விர்ர்னு சத்தம் வரணும், இது மூத்திரம் மாதிரி போவுது பாரு" என்றார் கடைக்காரர்.

அப்புறம் ஏர் ஃபில்டரைத் திறந்தோம். உள்ளே கிரஷர் தூசி, சிமெண்ட் பூசின மாதிரி. கல்குவாரியில் ஓடுகிற வண்டிக்கு நெடுஞ்சாலை வண்டிக் கணக்கில் ஃபில்டர் மாற்றினால் இப்படித்தான் ஆகும். எஞ்சினுக்கு டீசல் குறையவில்லை. மூச்சுதான் முட்டிக்கொண்டிருந்தது.

கெட்டுப்போன இரண்டிலும் அதே எண் நாசில், புதுச் சுருள். ஆறையும் ஒரே அழுத்தத்துக்கு ஷிம் வைத்துச் சரிசெய்தார்கள். புது வாஷர், புது ஃபில்டர். பெரிய நாசில் ஆறு வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவில் பாதிகூட ஆகவில்லை.

அப்போ பெரிய நாசில் எப்போதுமே தப்பா?

இல்லை. பம்ப் அளவையும் கூட்டி, அதற்கு ஈடாக டர்போ காற்றையும் கூட்டியிருந்தால், அந்த அதிக டீசல் நேரத்துக்குள் உள்ளே போக பெரிய ஓட்டை தேவைப்படும். மூன்றும் சேர்ந்து போக வேண்டும். கிளட்ச், கியர்பாக்ஸ், கூலிங் எல்லாம் தாங்குமா என்பது அடுத்த கேள்வி. ரோட்டில் ஓடுகிற வண்டிக்குச் சட்டமும் இருக்கிறது. கம்பெனி குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தடுக்கிறது. புகைச் சோதனையில் பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுதான் வரம்பு.

ஆகவே உங்கள் வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் காற்று வழியைப் பாருங்கள். அடுத்து இருக்கிற இன்ஜெக்டர்களை டெஸ்டரில் போட்டுப் பாருங்கள். பிறகு அதே எண்ணுக்குத் திரும்புங்கள். பவர் ஏற்றுவதெல்லாம் அதற்கப்புறம்.

சித்தப்பா வண்டி இப்போது சரியான லோடில் செகண்ட் கியரிலேயே பள்ளம் ஏறுகிறது. ஓவர்லோடு போட்டால் இன்னும் ஃபர்ஸ்ட்தான். அதையும் சொன்னேன். "ஒரு நடைக்கு ரெண்டு டன் கொறச்சா தவணைய யாருடா கட்டுவாங்க?" என்றார். அதற்கு என் குறிப்பேட்டில் பதில் இல்லை.