முடித்துவைக்கப்படாத வேலைநிறுத்தம்

1982 ஜனவரி 18. பம்பாயின் பரேல், லால்பாக், வொர்லி வட்டாரங்களில் ஷிஃப்டுக்கு ஆள் போகவில்லை. சுமார் 60 பஞ்சாலைகள், ஏறத்தாழ 2.5 லட்சம் தொழிலாளர்கள். அந்த வேலைநிறுத்தம் வாபஸ் பெறப்பட்டதாக அதன் தலைவர் கடைசிவரை அறிவிக்கவே இல்லை.

தலைவர் தத்தா சாமந்த் ஒரு டாக்டர். கட்கோபர் பகுதியில் கல்குவாரிக் கூலிகளுக்கு வைத்தியம் பார்க்கப் போனவர், அவர்களுக்காகப் பேசப்போய் சங்கத் தலைவரானார். பொறியியல் தொழிற்சாலைகளில் யாரும் எதிர்பாராத ஊதிய உயர்வுகளை வாங்கித் தந்தார். நெருக்கடி நிலையின்போது சிறைக்கும் போனார். 1981 தீபாவளி போனஸ் தகராறில் கொதித்துப்போன ஸ்டாண்டர்ட் மில் தொழிலாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பஞ்சாலை அவருக்குப் புதிய களம், முதலில் தயங்கினார். வந்தவர்கள் விடவில்லை.

ஏற்கெனவே ஒரு சங்கம் இருக்கும்போது ஏன் இவரிடம் வந்தார்கள்? இந்தக் கதையின் முடிச்சே அங்குதான் இருக்கிறது.

அகமதாபாத் பஞ்சாலைத் தொழிலாளர்களின் போராட்டத்தின் வழியில் 1920இல் பிறந்தது அந்த ஊரின் ஜவுளித் தொழிலாளர் சங்கம். அதன் செயலாளராக இருந்த குல்சாரிலால் நந்தா, பின்னர் பம்பாய் மாகாணத்தின் தொழிலாளர் அமைச்சரானார். 1946இன் பம்பாய் தொழில் உறவுச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு வட்டாரத்தில், ஒரு தொழிலுக்கு, ஒரே பிரதிநிதி சங்கம். நிர்வாகத்துடன் பேசும் உரிமை அதற்கு மட்டுமே. பம்பாய் பஞ்சாலைகளில் அந்த இடம் காங்கிரஸ் சார்பான ராஷ்டிரிய மில் மஸ்தூர் சங்கத்திடம் போனது. தொழிலாளர்கள் அதைவிட்டு விலகி வெகுதூரம் வந்த பிறகும் சட்டப்படி அதுவே அவர்களின் வாய். ரகசிய வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் யார் பக்கம் யார் என்பது ஒரே நாளில் தெரிந்திருக்கும். நடத்தவில்லை.

அதனால்தான் ஊதிய உயர்வு, பதிலித் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலை ஆகியவற்றோடு அந்தச் சட்டத்தை நீக்கவேண்டும் என்பதும் கோரிக்கையானது. முதலாளிகளுக்கோ சட்டமே கேடயம். 'சாமந்துடன் பேச எங்களுக்குக் கட்டாயமில்லை' என்று ஒதுங்கிக்கொண்டார்கள். மத்தியிலும் மாநிலத்திலும் இருந்த காங்கிரஸ் அரசுகள் இறங்கி வரவில்லை.

ஆலைகள் நொடித்துக்கொண்டிருந்தன என்பது பொய்யில்லை. தறிகள் பழையவை. லாபம் வந்த காலத்தில் அதைப் புது இயந்திரங்களில் போடாமல் வேறு தொழில்களுக்குக் கொண்டுபோன முதலாளிகள் பலர். பிவண்டியின் விசைத்தறிகள் குறைந்த கூலியில் துணி நெய்துகொண்டிருந்தன. வேலைநிறுத்தக் காலத்தில் உற்பத்தி இன்னும் வேகமாக அங்கே நகர்ந்தது. ஆலை மூடியிருப்பது முதலாளிக்குப் பெரிய நஷ்டமாக இல்லாதபோது, தொழிலாளியின் வேலைநிறுத்தம் யாரைப் பணியவைக்கும்? சாமந்த் இதைக் குறைத்து மதிப்பிட்டார் என்றே சொல்லவேண்டும்.

தொழிலாளர்கள் தாக்குப்பிடித்தது கிராமங்களின் தயவில். கொங்கணம், சாத்தாரா என்று சொந்த ஊருக்குத் திரும்பி வயல்வேலை பார்த்தார்கள். ஊரில் நிலமில்லாதவர்களின் பாடு சொல்லி மாளாது. தொழிலாளர்களுக்குச் சமைத்துப்போட்டுப் பிழைத்துவந்த பெண்களின் அடுப்பும் அணைந்தது.

1983இல் 13 ஆலைகளின் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. சில ஆலைகள் திறந்தன. பல்லாயிரம் பேருக்கு வேலை திரும்பவே இல்லை. ஆனாலும் 1984 தேர்தலில், நாடெங்கும் காங்கிரஸ் அலை அடித்தபோது, அந்தத் தொழிலாளர்கள் சாமந்தை சுயேச்சையாக மக்களவைக்கு அனுப்பினார்கள். 1997 ஜனவரி 16 அன்று பவாயில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

ஆலைகள் நின்ற நிலம் சுமார் 600 ஏக்கர். அதை மேம்படுத்தும்போது ஒரு பங்கு மாநகராட்சிக்கு, ஒரு பங்கு வீட்டுவசதி வாரியத்துக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது 1991 விதி. 2001இல் அதைத் திருத்தி, கட்டடங்கள் இருந்த இடத்தை விட்டுவிட்டுக் காலியிடத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். பொதுப் பங்கு சுருங்கியது. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இப்போது பெரும் வணிக வளாகம் நிற்கிறது.

வீடு கேட்டு விண்ணப்பித்த முன்னாள் தொழிலாளர்களும் வாரிசுகளும் ஒரு லட்சத்துக்கும் மேல். அரசு காட்டிய இடங்கள் நகரத்துக்கு வெகுதூரத்தில் உள்ள ஷேலுவும் வாங்கணியும். 2025 ஜூலையில் ஆசாத் மைதானத்தில் கூடிய தொழிலாளர் குடும்பங்கள், மும்பைக்குள்ளேயே வீடு வேண்டும் என்று கேட்டன. அந்த நகரத்தை நெய்தவர்கள் கேட்கும் இந்த உரிமை நியாயமானது. அரசு அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

(தொடரும்)