ஃபைன் வந்தா கட்டிட்டுப் போறதா, கேள்வி கேக்குறதா?

கத்தரிக்காய் கிலோ பத்து ரூபாய்க்குப் போகிற நாளில் ஆயிரம் ரூபாய் என்றால் நூறு கிலோ கத்தரிக்காய். பறிகூலி, வண்டி வாடகை எல்லாம் தனி. சந்தையிலிருந்து திரும்புகிற வழியில் போனில் சலான் செய்தி வந்து நின்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

நம்ம ஆட்களில் பாதிப் பேர் "போலீசோட மல்லுக்கட்ட முடியுமாங்க" என்று உடனே கட்டிவிடுகிறார்கள். மீதிப் பேர் "வந்தா வரட்டும், பாத்துக்கலாம்" என்று செய்தியை அழித்துவிடுகிறார்கள். முதலாமவர் சில நேரம் செய்யாத தப்புக்குப் பணம் தருகிறார். இரண்டாமவர் பாடு அதைவிட மோசம். வண்டியை விற்கப் போகும்போதோ எஃப்.சி.க்குப் போகும்போதோ பழைய பாக்கி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தது. 2019-இல் அதைத் திருத்தி அபராதத்தை ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ஹெல்மெட் போடாததற்கு 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 என்பது 5,000 ஆனது. நூறு ரூபாயாக இருந்தவரை யாரும் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தே ஆகணும்.

அபராதம் கட்டுவது வெறும் பணக் கணக்கு மட்டும் இல்லை. சட்டத்தின் 200-ஆவது பிரிவுப்படி கட்டிவிட்டால் விவகாரம் அத்தோடு முடிந்தது. மேல் நடவடிக்கை இல்லை. நல்லதுதான். ஆனால் கட்டியது ஒப்புக்கொண்டதாகவே பதிவாகும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கு முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினால் இங்கே முதல் தடவை 1,000, மறுபடி மாட்டினால் 10,000. செய்யாத தப்புக்கு "தொலையட்டும்" என்று கட்டுகிறவர், அடுத்த முறைக்கான விலையையும் சேர்த்தே ஏற்றிக்கொள்கிறார்.

அதனால் செய்தி வந்ததும் முதல் வேலை, அது உண்மையான சலான்தானா என்று பார்ப்பது. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க், அதைத் தொட்டால் ஏதோ ஆப் இறங்கும், பின்னாலேயே வங்கிக் கணக்கு காலி. இந்த மோசடி ஊர் ஊராக நடக்கிறது. வந்த லிங்க்கைத் தொடவே தொடாதீங்க. அரசின் பரிவாகன் இ-சலான் இணையதளத்தை நீங்களே திறந்து வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. தெரியாவிட்டால் இ-சேவை மையத்திலோ படிக்கிற பிள்ளைகளிடமோ கேளுங்க. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் போடுங்க.

சலான் உண்மை என்றால் அதில் தேதி, நேரம், இடம், சட்டப்பிரிவு இருக்கும்; கேமராவில் பிடித்தது என்றால் படமும் இருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்க. நம் கூட்டத்துக்கு வருகிற ஒரு அண்ணன் மன்னார்குடிப் பக்கம். மோட்டார் சைக்கிளை விட்டால் அவருக்கு வேறு வண்டி கிடையாது. தூரத்து நகரம் ஒன்றில் ஹெல்மெட் இல்லாமல் போனதாக அவருக்குச் சலான். கட்டத்தான் கிளம்பினார். மகள் படத்தைத் திறந்து பார்த்தால் அதில் இருப்பது ஒரு ஸ்கூட்டர். நம்பரின் கடைசி எழுத்து 3. அதை 8 என்று படித்திருக்கிறார்கள். அன்றைக்குக் காலையில் பால் சொசைட்டியில் ஊற்றிய சீட்டு கையில் இருந்தது. வண்டியை முன்னும் பின்னும் நம்பர் தெரியப் படம் எடுத்து, ஆர்.சி. நகலையும் பால் சீட்டையும் சேர்த்து இணையதளத்தின் புகார்ப் பகுதியில் ஏற்றினார். சலான் போட்ட அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலில் ஒரு மனுவும் அனுப்பினார். சில வாரத்தில் சலான் ரத்து. வக்கீலும் இல்லை, கோர்ட்டும் இல்லை.

நம்மிடம் இப்படிச் சாட்சிச் சீட்டு எத்தனையோ கிடக்கிறது. நெல் கொள்முதல் நிலைய ரசீது, உழவர் சந்தை எடைச் சீட்டு, சுங்கச்சாவடியில் பாஸ்டேக் பிடித்த செய்தி, எல்லாமே அந்த நேரத்தில் வண்டி எங்கே இருந்தது என்று சொல்லும். ஒரு வருஷத்துக்காவது தூக்கிப் போடாதீங்க.

இன்னொரு வகை, விற்ற வண்டிக்கு வருகிற ஃபைன். பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டியை வாய்வார்த்தையில் விற்றுவிட்டு ஆர்.சி.யில் பெயர் மாற்றாமல் விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கணும் என்கிறது சட்டம். வாங்கினவருக்கு 30 நாள். பெயர் மாறாதவரை பதிவில் இருப்பவரே உரிமையாளர் என்று, விபத்து நஷ்டஈட்டு வழக்கு ஒன்றில் 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இங்கே சலானோடு சண்டை போடுவதைவிடப் பெயரை மாற்றுவதுதான் அவசரம். ஆயிரம் ரூபாய் ஃபைன் போகட்டும், அந்த வண்டி யார் மேலாவது மோதினால் லட்சக்கணக்கில் வந்து நிற்கும்.

குட்டியானை வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளணும். வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. அது 66-ஆவது பிரிவிலேயே இருக்கிறது, எடை ஆர்.சி.யில் எழுதியிருக்கும். அடுத்தது பேட்ஜ். கார் ஓட்டுகிற இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனியாக அனுமதி வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பர்மிட் இல்லை, பேட்ஜ் இல்லை என்று இந்த வண்டிக்கு ஃபைன் போட்டால் தைரியமாக மறுக்கலாம். காகிதத்தைக் கையில் வைத்திருக்கவில்லை என்பதும் பெரிய குற்றமில்லை. டிஜிலாக்கரில் இருக்கிற ஆவணம் செல்லும்.

கேமரா சலானுக்கு 2021-இல் வந்த 167ஏ விதி இருக்கிறது. கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்று வேணும், கேமரா இருப்பதைச் சொல்லும் பலகை வேணும், 15 நாளுக்குள் நோட்டீஸ் வரணும். பலகை இருந்ததா, சான்று இருந்ததா என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆனால் "பதினாறாவது நாள் வந்தா தானா தள்ளுபடி" என்று டீக்கடையில் சொல்வதை நம்பிப் போகாதீங்க. அது ஒரு வாதம், அவ்வளவுதான்.

எதில் மறுக்கக்கூடாது என்பதையும் சொல்லணும். நடவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன குட்டியானைக்கு ஃபைன் என்றால் கட்டிவிடுங்க. பஸ் இல்லாத ஊரில் வேற வழி என்ன என்று கேட்பது நியாயம்தான். அதைக் கலெக்டர் குறைதீர் கூட்டத்தில் கேட்போம், சேர்ந்தே கேட்போம். வண்டி கவிழ்ந்தால் பின்னால் நிற்கிற பெண்களுக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைப்பதே சிக்கலாகிவிடும். கரும்பு லோடு அளவுக்கு மிஞ்சினால் 20,000. அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடைச் சீட்டு எதிராக இருந்தால் வாதம் எடுபடாது. பதினைந்து வயசுப் பையன் டிராக்டரோடு ரோட்டுக்கு வந்து மாட்டினால் அப்பாவுக்கு 25,000 அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அதற்கு மட்டும் நேரே வக்கீலிடம் போங்க.

புகாரை ஏற்கவில்லை என்றால் அடுத்தது நீதிமன்றம். இங்கேதான் கணக்குப் போடணும். மறுத்தால் ஒரே நாளில் முடியாது. சாட்சி வரணும், வாய்தா விழும். நான்கு நாள் வேலை கெட்டு, நான்கு தடவை பஸ்சுக்குக் கொடுத்து, 500 ரூபாயை மிச்சம் பிடிப்பதா என்று நீங்களே பாருங்க. தொகை பெரிசு, அல்லது லைசென்ஸே போகும் என்றால் போகலாம். ஹெல்மெட் பிரிவிலேயே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்க. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவசம்.

மறுப்பதோ கட்டுவதோ, சலானில் போட்டிருக்கும் கெடுவுக்குள் செய்யுங்க. ரத்தானால் அந்த உத்தரவின் நகலை ஆர்.சி.யோடு வைத்து, ஒரு மாதம் கழித்து இணையதளத்தில் மறுபடி வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. ரத்தான பிறகும் பாக்கி என்று காட்டிக்கொண்டிருந்தால், நகலோடு அதே அலுவலகத்துக்கு இன்னொரு மனு.