காற்றின் விலையும் மாவின் விலையும்

வீட்டில் மின் கட்டணம் எதிர்பாராமல் உயர்ந்துவிட்டால், முதற் சந்தேகம் பெரும்பாலும் சமையலறையின் மேல்தான் விழுகிறது. மிக்ஸியைப் போட்டால் வீடே அதிர்கிறது. கிரைண்டர் சுற்றினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கிறது. இத்தனை ஆரவாரம் செய்கிற சாதனங்கள் அத்தனை மின்சாரத்தையும் விழுங்கத்தானே செய்யும் என்று தாமே தீர்மானித்துக்கொண்டு, 'தேங்காய்ச் சட்னியை அம்மியில் அரைத்தால் என்ன?' என்று மனைவியைக் கேட்ட கிருஹஸ்தர்களை நான் அறிவேன். அந்தக் கேள்வி எழுந்த அதே வேளையில், ஒருவரும் இல்லாத முன்னறையில், யாருடைய கவனத்தையும் கவராமல் ஒரு மின்விசிறி சுழன்றுகொண்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். இவ்விரண்டில் எது குடும்பத்தின் பணத்தை அதிகமாகக் கொண்டுபோகிறது என்பதற்கு ஊகம் வேண்டியதில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கல் கணக்கே போதும்.

சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் காணப்படும் வாட் என்ற எண், அது எவ்வளவு வேகமாக மின்சாரத்தை உறிஞ்சுகிறது என்பதை மட்டுமே சொல்லும். குழாயில் தண்ணீர் பலமாக வருகிறதா, மெல்லிதாக வருகிறதா என்பது போன்றது அது. குடம் எத்தனை நிறைந்தது என்பது குழாய் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதையும் பொறுத்ததல்லவா? ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாவதே ஒரு யூனிட். நூறு வாட் சாதனம் பத்து மணி நேரம் ஓடினாலும் அதே ஒரு யூனிட்தான். இந்த யூனிட்டை அற்பமாக எண்ணிவிட வேண்டாம். நூறு கிலோ மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு மூவாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் தூக்கி வைத்தால் எவ்வளவு சக்தி செலவாகுமோ, அவ்வளவு சக்தி அதில் அடங்கியிருக்கிறது. அதை நாம் சில ரூபாய்க்கு வாங்குகிறோம்.

இப்போது கிரைண்டரின் வழக்கை விசாரிப்போம். கோயம்புத்தூருக்குப் புவிசார் குறியீடு பெற்றுத் தந்த பெருமை இந்த சாதனத்துக்கு உண்டு. மேஜை மேல் வைக்கும் இரண்டு லிட்டர் கிரைண்டரின் மோட்டார் சுமார் 150 வாட். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் அரைபட நாற்பது நிமிஷம் ஆகிறதென்றால், செலவு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. யூனிட் 4.50 ரூபாய் என்று கொண்டால் நாற்பத்தைந்து காசு. இரண்டு மாதத்தில் இருபத்தாறு தடவை மாவு அரைத்தாலும் பன்னிரண்டு ரூபாய்க்குள் அடங்கிவிடும். மிக்ஸி 750 வாட் என்று பயமுறுத்தினாலும், காலைச் சட்னிக்கும் மாலை மசாலாவுக்குமாகச் சேர்த்து ஐந்து நிமிஷத்துக்கு மேல் அது ஓடுவதில்லை; அதன் விலை முப்பது காசைத் தொடாது. ஆட்டுக்கல்லின் முன் ஒரு மணி நேரம் குந்தியிருந்து, இடுப்பும் தோளும் நோக அரைத்த நம் பாட்டிமாரின் சிரமத்தை நேரில் கண்டவர் எவரும் அந்த நாற்பத்தைந்து காசைச் செலவு என்று சொல்லத் துணியமாட்டார். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய மூன்று சாதனங்களில் மிக்ஸி, கிரைண்டர் இரண்டும் இருந்தன, மூன்றாவது மின்விசிறி. அந்த மூன்றிலும் மின் கட்டணத்தைப் பெருக்குவது எது என்று பார்த்தால், அரைக்கும் கற்களல்ல, காற்று வீசும் இறக்கைகளே.

சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் எடுத்துக்கொள்கிறது. நம்முடைய சீதோஷ்ணத்தில் அது நாளொன்றுக்கு இருபது மணி நேரம் சுற்றுவது சர்வசாதாரணம். இருபது மணிக்கு ஒன்றரை யூனிட். மின் வாரியம் கணக்கெடுக்கும் அறுபது நாளைக்குத் தொண்ணூறு யூனிட். 2016 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகக் கிடைத்து வந்திருக்கிறதே, அந்த நூறில் தொண்ணூறை ஒற்றை விசிறியே தீர்த்துவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். பி.எல்.டி.சி. என்று கடைக்காரர் சொல்லும் புதிய ரக விசிறியோ அதே காற்றைச் சுமார் 30 வாட்டில் தருகிறது. அதன் மோட்டாரில் நிரந்தரக் காந்தமும், அதைச் சுழற்றுவிக்கும் மின்னணுச் சுற்றும் இருப்பதால், பழைய மோட்டாரில் வீணே உஷ்ணமாகக் கழியும் பகுதி மிச்சமாகிறது. தொண்ணூறு யூனிட்டுக்குப் பதில் முப்பத்தாறு. விலை கொஞ்சம் கூடுதல் என்பது உண்மையே. ஆயினும், இரவும் பகலும் விசிறி நிற்காத வீட்டில் அது கூடிய சீக்கிரத்தில் ஈடாகிவிடுகிறது. இன்னொரு விஷயம்: சுவரில் பெரிய பெட்டியாகப் பொருத்திய பழங்கால ரெகுலேட்டர் இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், விசிறியின் வேகத்தைக் குறைப்பதால் மிச்சமாகிறது என்று நினைத்தது பெரும்பாலும் அந்தப் பெட்டிக்குள் சூடாகவே போய்விடும். மின்னணு ரெகுலேட்டரில் இந்த நஷ்டம் இல்லை.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போராட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2015 ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கிய பின் எல்.இ.டி. பல்பின் விலை சாமானியர்களுக்கு எட்டும்படி இறங்கிற்று. 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. கிட்டத்தட்டத் தந்துவிடுகிறது. பூஜை அறையிலோ மாடிப்படியிலோ பழைய குண்டு பல்பு ஒன்று மறதியாகத் தொங்கிக்கொண்டிருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

ஆனால் வெளிச்சமும் காற்றும் வேறு, உஷ்ணம் வேறு. தண்ணீரைச் சூடாக்கும் காரியத்தில் எந்தக் கெட்டிக்காரத்தனமும் செல்லாதபடி இயற்கையே ஒரு விகிதத்தை விதித்திருக்கிறது: ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரின் உஷ்ணத்தை ஒரு டிகிரி உயர்த்தும். 28 டிகிரியில் இருக்கும் பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரைக் குளிப்பதற்கு இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவரப் பதினைந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 180. அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நாலு பேர் உள்ள குடும்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஐம்பது யூனிட் ஆகும். தண்ணீர் 14 டிகிரிக்கு இறங்கிவிடும் உதகைக் குளிரில் இதே வாளிக்கு இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். இதில் ஹீட்டர் 2000 வாட்டா, 3000 வாட்டா என்பது ஒரு பொருட்டன்று. பெரியது சீக்கிரம் காய்ச்சி முடித்துவிடும், சிறியது மெதுவாகக் காய்ச்சும், செலவு ஒன்றே. வித்தியாசம் எங்கே வருகிறதென்றால், காலையில் குளித்து முடித்தபின் ஸ்விட்சை அணைக்க மறந்து, தொட்டியில் மிஞ்சிய வெந்நீர் நாள் முழுவதும் ஆறுவதும் மறுபடி காய்வதுமாக இருக்கும் வீடுகளில்தான். இஸ்திரிப் பெட்டியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. தினம் ஒரு சட்டைக்காக அதைச் சூடேற்றாமல், வாரத் துணியை ஒரே தடவையாகத் தேய்த்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் சூடேறுவதற்கான செலவு மிச்சமாகும்.

குளிர்பதனப் பெட்டியை நாம் அணைப்பதே இல்லையாகையால் அது பெரிய தின்னியாக இருக்குமென்று பலர் கருதுகின்றனர். அதன் கம்ப்ரஸர் விட்டு விட்டு ஓடுவதால் அவ்வளவு ஆவதில்லை. 2002 மார்ச்சில் அமைந்த எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திரச் சீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும். கடைக்குப் போகிறவர்கள் நட்சத்திரங்களை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில், அந்தச் சீட்டில் பிரயோஜனமானது நட்சத்திரமன்று, அதற்குக் கீழே ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்தான். நட்சத்திரம் பெறுவதற்கான அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். நேற்றைய ஐந்து நட்சத்திரம் இன்றைக்கு ஐந்தாக இராது. யூனிட் கணக்கோ மாறுவதில்லை. அந்த எண்ணை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு எவ்வளவு என்பது கிடைத்துவிடும். ஆண்டுக்கு 250 யூனிட் என்று போட்ட ஃபிரிட்ஜ் ஒரு பில்லில் சுமார் நாற்பத்திரண்டு யூனிட் சேர்க்கும். இருபது மணி நேரம் ஓடும் பழைய விசிறியில் பாதிகூட இல்லை.

ஏ.சி.யின் சீட்டில் உள்ள எண் ஆண்டுக்கு 1600 மணி நேரம் என்ற கணக்கில் போட்டது. 800 யூனிட் என்று கண்டிருந்தால் மணிக்குச் சராசரி அரை யூனிட். மேற்கு வெயில் சுவரில் அறையும் சென்னை வீட்டில், அக்கினி நட்சத்திரத்தின் போது, அது கூடத்தான் செய்யும். இரவில் எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதம் ஓட்டினால், சிக்கனமான இன்வெர்ட்டர் ஏ.சி.யே 240 யூனிட் ஏற்றிவிடும். பழைய ரகம் இதைப் போல் இரண்டு மடங்கு வாங்கினாலும் ஆச்சரியமில்லை. 2020 ஜனவரி முதல் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைந்திருக்க வேண்டுமென்று விதி செய்யப்பட்டதற்குக் காரணம், ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சமாகும் என்பதே.

இனி யூனிட்டின் விலை. இங்கேதான் பெரும்பாலோர் கணக்குத் தவறுகிறது. யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. அது படி ஏறுகிற விலை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த அட்டவணையை உதாரணமாகக் கொள்வோம்; 2024 ஜூலையில் விகிதங்கள் சற்று உயர்ந்தனவென்றாலும் படிகளின் அமைப்பு அப்போது மாறவில்லை. ஐந்நூறு யூனிட் வரை உபயோகித்தவருக்கு முதல் நூறு இலவசம். அடுத்த நூறு 2.25 ரூபாய் வீதம். 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆக, 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1725 ரூபாய். மீட்டர் 501 என்று காட்டிவிட்டால், 2.25 என்ற சலுகைப் படியே மறைந்து அங்கும் 4.50 வந்துவிடுவதோடு, அந்த ஐந்நூற்றோராவது யூனிட் 8 ரூபாய்ப் படியில் விழுகிறது. கட்டணம் 1958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! இதை அறியாமல், 'ஏதோ இரண்டு யூனிட் கூடிற்று' என்று சமாதானப்பட்டுப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்!

இதனால் விளைவதைப் பாருங்கள். இரண்டு பழைய விசிறி, ஃபிரிட்ஜ், டி.வி., விளக்குகள் எல்லாம் சேர்ந்து 300 யூனிட் ஆகும் குடும்பம் 675 ரூபாய் கட்டும். கோடையில் ஏ.சி.யின் 240 யூனிட்டும் சேர்ந்து 540 ஆனால் கட்டணம் 2270. 'ஏ.சி.யால் வந்தது' என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் அதே குடும்பம் ஏ.சி.யைத் தொடாமல், இரண்டு விசிறிகளை மட்டும் மாற்றியிருந்தால் 108 யூனிட் குறைந்து 432இல் நிற்கும், கட்டணம் 1317. ஒரே பில்லில் 953 ரூபாய் மிச்சம். எந்தச் சாதனம் கடைசிப் படியில் நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எங்கே குறைத்தாலும் குறைவது அந்தக் கடைசிப் படியிலிருந்துதான்.

ஓசையின்றிச் செலவாகிறவற்றில் இன்னும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூலையில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் இன்டர்நெட் பெட்டி 10 வாட்தான். இருபத்துநாலு மணி நேரமும் எரிவதால் ஒரு பில்லுக்குப் பதினான்கு யூனிட் வாங்குகிறது. கிரைண்டரோ மூன்று யூனிட்டுக்குள். குழந்தைகளின் படிப்புக்கு அந்தப் பெட்டி அவசியமென்றால் இருக்கட்டும். கிரைண்டரைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

நான் சொன்ன எண்கள் சராசரி எண்கள். உங்கள் வீட்டு எண்ணை உங்கள் மீட்டரே சொல்லும். மீட்டரின் முகத்தில் சிறு சிவப்பு விளக்கொன்று துடிப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை தடவை துடிக்கும் என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும், பல மீட்டர்களில் 3200 என்று. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு பழைய விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டால், அத்தகைய மீட்டரில் நிமிஷத்துக்கு நாலு துடிப்பு எண்ணலாம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி சூடேறும்போது நிமிஷத்துக்கு ஐம்பத்து மூன்று. 2000 வாட் ஹீட்டருக்கு நூற்றுக்கு மேல். துடிப்பின் வேகத்தை அந்தச் சாதனம் தினம் ஓடும் நிமிஷங்களால் பெருக்கி 3200ஆல் வகுத்தால், ஒரு நாள் செலவு பிரத்தியட்சமாக உங்கள் கையில் இருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரத்தோடு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு மீட்டர் பெட்டியின் முன் அரை மணி நேரம் நில்லுங்கள்; முதலில் எண்ணுவது உங்கள் வீட்டு விசிறியாக இருக்கட்டும்.