அயல்நாட்டில் இணையமின்றி வழி காண்போம்

(மூன்றாமாண்டு, புவியியல் துறை)

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. மொழி தெரியாத அயல்நாட்டில் வாயிருந்தும் வழி கேட்பது அரிது. அங்கே கைப்பேசிதான் துணை. ஆனால் இறங்கிய இடத்தில் ரோமிங் வசதி இல்லையேல் நம் சிம் அட்டையில் இணையம் வராது. இணையம் இல்லாவிடில் வரைபடமும் இல்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று.

வழி காண நமக்கு இரண்டு செய்திகள் வேண்டும். நாம் நிற்கும் இடம் எது என்பது ஒன்று. சுற்றியுள்ள தெருக்கள் எவை என்பது மற்றொன்று. முதற்செய்திக்கு இணையம் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை வலம்வரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் ரேடியோ அலைகளைக் கைப்பேசி நேரே பெறுகிறது. குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு தன் இருப்பிடத்தைத் தானே கணக்கிடுகிறது. 1995-இல் முழுமையாகச் செயற்படத் தொடங்கிய இவ்வமைப்பைப் பயன்படுத்தக் கட்டணம் ஏதுமில்லை.

இரண்டாவதாகிய தெருப்படத்தைப் பெறுவதற்குத்தான் இணையம் வேண்டும். அதனைப் புறப்படுமுன் வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் கவலையில்லை.

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் பணிபுரியும் என் அண்ணனைக் காணச் சென்றபோது இவ்வாறே செய்தேன். சிராங்கூன் சாலையின் கிளைத்தெருக்களில் நீலப் புள்ளி என்னுடனேயே நகர்ந்து வந்தது. எனினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இணையமின்றிக் கூகுள் மேப்ஸ் காரில் செல்வோர்க்கே வழி சொல்லும். நடப்போர்க்கும் ரயிலில் செல்வோர்க்கும் சொல்லாது. நம்மைப் போன்றோர் அந்நகரில் செல்வது ரயிலிலும் கால்நடையாகவும் அன்றோ? ஆகவே ஆர்கானிக் மேப்ஸ் என்ற செயலியையும் உடன் வைத்திருந்தேன். 2004-இல் தொடங்கப்பெற்று, தன்னார்வலர்கள் கூடி வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதற்கு அடிப்படை. இது இணையமின்றியே நடைவழியும் காட்டும். ரயில் தடங்களின் படத்தைத் தனியே சேமித்துக்கொண்டேன்.

நண்பர்களே, மேலும் சில குறிப்புகள்: தங்குமிடத்தை முன்னரே வரைபடத்தில் குறித்து வையுங்கள். இணையம் இல்லாதபோது முதன்முறை இடம் காணச் சற்று நேரமாகும். வானம் தெரியும் வெளியில் பொறுத்து நில்லுங்கள். சுரங்க ரயிலுக்குள் கோள்களின் அலை எட்டாது. மின்கலம் தீர்ந்தால் எல்லாம் வீண். ஆதலால் முகவரியைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

நம்முள் பலர் நாளை வேலை தேடிக் கடல் கடக்கக்கூடும். கையில் பணம் குறைவாய் உள்ள அந்த முதல் நாளில், வாடகைக்கார் ஓட்டுநர் கேட்கும் தொகைக்கெல்லாம் தலையசைக்காமல் தாமே வழி கண்டு நடப்பது பெருந்துணிவு தரும். அதற்கு வேண்டியது, புறப்படுமுன் ஒரு மணி நேர முயற்சியே.